இரும்புக் கைக்கு ஒரு கம்பிக் கதவு

1. விரல்

கன்னியப்பனின் இடது கையில் இரண்டு விரல் போன காலையில், முதலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்து கேட்ட முதல் கேள்வி, "டை உடைஞ்சிதா?" என்பது.

டை உடையவில்லை. முதலாளி மூச்சு விட்டார். பிறகுதான் கன்னியப்பனைப் பார்த்தார்.

அறுபதுகளின் கடைசி. காக்களூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு தகர ஷெட். சைக்கிள் பெல்லின் மூடி செய்தோம். வட்டமாக வெட்டிய தகடு வரும். எண்ணெய் தடவி, டை என்கிற இரும்பு அச்சின் மேல் வைக்க வேண்டும். காலால் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும். தகடு கிண்ணமாகிவிடும். அதை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. பொழுது விடிந்து பொழுது சாயும்வரை இதுதான்.

ஐந்து பிரஸ் இருந்தன. மூன்றாம் நம்பர் கன்னியப்பனுடையது. எனக்கு வயதில் மூத்தவர். திருவாலங்காட்டிலிருந்து ரயிலில் வருவார். நான் ஃபிட்டர். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. டிராயிங் பார்த்தால் புரியும், போடத் தெரியாது. மெஷின் கெட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆள் கெட்டால் ஆஸ்பத்திரி இருந்தது.

பிரஸ்ஸின் கிளட்ச்சில் சாவி என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. அது தேய்ந்தால் ஒரு மிதிக்கு இரண்டு தடவை இறங்கும். டபுள் அடிக்கிறது என்போம். முதல் அடி விழுந்ததும் கிண்ணத்தை எடுக்கக் கை உள்ளே போகும். இரண்டாவது அடி கையின் மேல் விழும். அன்றைக்கு அப்படித்தான் விழுந்தது. சாவி தேய்ந்திருப்பதாக முதலாளியிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. "ஓடற மட்டும் ஓடட்டும்" என்று பதில் வந்திருந்தது. விரல் போன அன்று மத்தியானமே புதுச் சாவி போட்டோம். புதுச் சாவியும் ஒருநாள் தேயும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து பார்த்தார். டைக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு போடுங்கள், கதவு மூடினால்தான் பிரஸ் இறங்குகிற மாதிரி செய்யுங்கள் என்றார். நல்ல யோசனை. முதலாளிக்குச் சிரிப்பு வந்தது.

"கதவு போட்டா அவன் தொறந்து மூடினே இருப்பான் சார். பெல்லு எப்ப வர்றது? அதுவரைக்கும் சைக்கிள்காரன் வாயால கத்திகினு போவானா?"

கன்னியப்பன் கட்டைப் பிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதே பிரஸ். இடது கையில் தகடு நிற்கவில்லை, வழுக்கியது. அதனால் வலது கை உள்ளே போக ஆரம்பித்தது. அவருக்கு மிச்சமிருந்த முழுக் கை அது ஒன்றுதான்.

2. தோள்பட்டை

முதலாளி பட்டணம் போனவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையோடு திரும்பினார். எங்களை நிற்க வைத்து ஒரு படத்தைக் காட்டினார். மோட்டார் கார் கம்பெனியில் ஒரு இரும்புக் கை. ஆள் இல்லாமல் அதுவே எடுக்கிறது, அதுவே வைக்கிறது.

"இதுக்குப் பேரு ரோபோட்டு. இது லீவு கேக்காது. கொடி பிடிக்காது. பொண்ணுக்குக் காது குத்தறேன்னு அட்வான்ஸ் கேக்காது." பிறகு கன்னியப்பனைப் பார்த்தார். "ஒனக்காகத்தான்யா செய்யறேன். இரும்புக் கை வந்துட்டா நீ ஸ்டோருக்குப் போயிடு. ஒக்காந்த எடத்துல வேலை."

"எப்ப வரும் மொதலாளி?"

"ஆயுத பூஜைக்குள்ள."

அப்போது தமிழ்ப் புத்தாண்டுகூட வரவில்லை. கன்னியப்பன் தலையாட்டினார். அதுவரை வலது கை தாங்க வேண்டும். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

இதற்கென்று ஒரு இன்ஜினியரை வேலைக்கு வைத்தார்கள். மாதவன் சார். பி.இ. படித்த இளைஞர். பெரம்பூரிலிருந்து ரயிலில் வருவார். யோசனை வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "பேப்பர்ல தப்பு வந்தா ரப்பர் போதும். இரும்புல வந்தா காயலாங்கடைக்குத்தான் போகணும். அதனால முழுசா வரைஞ்சுட்டுத்தான் வெட்டணும்" என்றார். அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஃபோர்மேன் கோவிந்தய்யா கண்டுபிடித்தார். அவர் கும்மிடிப்பூண்டிக்கும் அந்தப் பக்கம். முதலாளியைத் தவிர மற்ற எல்லோரும் அவருக்கு நைனாதான். "வெட்டு, ஒட்டு, ஓட்டிப் பாரு. சரியா வரலியா, மறுபடி வெட்டு. கேஸ் கட்டரு பின்ன எதுக்குக் கீது நைனா?"

ஒரு ஷெட்டில் இரண்டு மதம் ஆயிற்று. நாஷ்டா நேரத்தில் அதுவே பேச்சு.

மாதவன் சார் தோள்பட்டையிலிருந்து வரைய ஆரம்பித்தார். சுவர் முழுக்கத் தாள். கன்னியப்பன் தினமும் வேலைக்குப் போகும் முன் அவருடைய ஜன்னலில் நிற்பார்.

"சார், கை எந்த மட்டும் வந்துது?"

"தோள்பட்டை முடிஞ்சுது கன்னியப்பா."

சில வாரம் போனது. "முழங்கை வரைக்கும் வந்தாச்சு."

இன்னும் சில வாரம். "தோள்பட்டையை மாத்தறேன். முழங்கை வெயிட்டைத் தாங்கலை."

"பேப்பர்லயே தாங்கலியா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாதவன் சாரும் சிரித்தார். கன்னியப்பன் சிரிக்கவில்லை. போய் உட்கார்ந்து வலது கையை உள்ளே விட்டார்.

ஒருநாள் சார் ஸ்டாப்வாட்ச்சோடு பிரஸ் பக்கம் வந்தார். ஆள் எவ்வளவு வேகத்தில் வைக்கிறானோ அந்த வேகத்துக்கு இரும்புக் கையை அமைக்க வேண்டுமாம். கடிகாரத்தோடு ஒருவர் பக்கத்தில் நின்றால் எங்கள் கை தானாக மெதுவாகிவிடும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. வேகமாகச் செய்து காட்டினால் மறுவாரம் அதுவே ரேட் ஆகும். கன்னியப்பன் அன்றைக்குத் தகட்டைத் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்தார். சார் அக்கறையாக எழுதிக்கொண்டார்.

கோவிந்தய்யா என் காதில், "ரோபோட்டு தாலாட்டே பாடும் போலக்குது நைனா" என்றார்.

3. வெட்டு, ஒட்டு

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. சுவரில் தாள் ஒட்ட இடம் இல்லை. ஷெட்டில் கை இல்லை. கோவிந்தய்யாவைக் கூப்பிட்டார்.

"நீ இன்னா சொல்றே?"

"ஒரு வாரம் குடுங்க மொதலாளி."

அவருடைய டிராயிங் தரையில் சாக்கட்டியால் போட்டது. மறுநாள் காலையில் பெருக்கிவிட்டார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அடிபம்பின் கைப்பிடி, சைக்கிள் செயின், ஜீப்பின் ஸ்பிரிங், கேட்டின் கீல் என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்து வெல்டிங் வைத்தார். நுனியில் ஒரு இடுக்கி. சொன்ன வாரத்தில் கை நின்றது. பார்ப்பதற்குக் கழுத்து நீண்ட வாத்து மாதிரி இருந்தது.

மூன்றாம் நம்பரில் மாட்டினோம். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கை தகட்டைக் கவ்வியது, திரும்பியது. பிறகு பின்பக்கத் திறப்பு வழியாக ஏரிக்குள் எறிந்தது.

"ஏரி மீனுக்கெல்லாம் பெல்லு கட்டப் போறீங்களா மேஸ்திரி?" என்றார் கன்னியப்பன்.

"ஸ்பிரிங்கு கொஞ்சம் டைட்டு. இரு நைனா."

ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். இரண்டாவது தகட்டைக் கை ஒழுங்காக எடுத்தது. ஒழுங்காக உள்ளே கொண்டுபோய் வைத்தது. வெளியே மட்டும் வரவில்லை. செயின் சிக்கிக்கொண்டது. பிரஸ் அதற்காகக் காத்திருக்காது. இறங்கியது.

ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. முதலாளி ஓடி வந்தார்.

"டை உடைஞ்சிதா?"

இந்தத் தடவை உடைந்திருந்தது. இரண்டு துண்டு. முதலாளி எண்ணெய் டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். கன்னியப்பன் குனிந்து நசுங்கிய இடுக்கியைப் பார்த்தார்.

"மேஸ்திரி, இத ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போவலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. கோவிந்தய்யா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலாளி மாதவன் சாரைப் பார்த்துக் கத்தினார்.

"கை உள்ள இருக்கசொல்ல இனிமே பிரஸ்ஸு எறங்கவே கூடாது. இன்னா ஆனாலும் சரி. மொத வேலையா அதச் செய்ங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இப்படி ஒரு வாக்கியம் முதலாளியின் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஷெட்டே காத்திருந்தது. வந்துவிட்டது. இரும்புக்காக வந்தது. கன்னியப்பன் இடது கையை நிக்கர் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

4. ஒரு மத்தியான வேலை

மாதவன் சாரிடம் அதற்கான டிராயிங் ஏற்கெனவே இருந்தது. டிராயிங் கட்டின் அடியில் ஒரே ஒரு தாள். அவர் வரைந்த இரும்புக் கையின் நுனியில் பம்பாயிலிருந்து வரவழைத்த மின்காந்தம் வரப் போகிறது. அதன் மேல் பிரஸ் விழக் கூடாது, எண்ணெயும் இரும்புச் சிலாம்பும் தெறிக்கக் கூடாது. அதனால் கை வெளியே வந்ததும் ஒரு கம்பிக் கதவு இறங்கும். கதவு முழுக்க மூடாதவரை ஒரு இரும்பு நாக்கு கிளட்ச் சாவியைக் கவ்விக்கொண்டிருக்கும். சாவி புதுசோ தேய்ந்ததோ, நாக்கு விடாது. பிரஸ் இறங்காது.

தாளை என்னிடம் கொடுத்தார். ஒரு கதவு, ஒரு தண்டு, ஒரு நாக்கு, இரண்டு கீல். சாயங்கால டீ வருவதற்குள் முடித்துவிட்டேன்.

அவருடைய கை இன்னும் தயாராகவில்லை. அதுவரை கதவைச் சோதிக்க, தண்டைப் பெடலோடு இணைத்தேன். மிதித்தால் முதலில் கதவு இறங்கும். மூடிய பிறகு நாக்கு விலகும். அதன் பிறகுதான் பிரஸ். புது டை மாட்டிக் கன்னியப்பனைக் கூப்பிட்டேன்.

கன்னியப்பன் கதவு மூடாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பெடலை மிதித்தார். பிரஸ் அசையவில்லை. தேளை மிதிக்கிற மாதிரி ஓங்கி மிதித்தார். அசையவில்லை. இரண்டு காலாலும் ஏறி நின்று பார்த்தார். கட்டையை எடுத்தார். மிதித்தார். கதவு இறங்கியது, பிரஸ் இறங்கியது, கிண்ணம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சாரிடம் போனார்.

"அப்ப இதுக்குக் கை எதுக்கு சார்?"

மாதவன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"மொதலாளி கேட்டது கை" என்றார்.

5. பூஜை

சாருடைய கை பூஜைக்குள் வந்துவிட்டது. நல்ல வேலை. அதை மறைக்கக் கூடாது. எந்த மூட்டிலும் ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தோம். ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வாசலில் வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. முதலாளி ஒரு பெரிய அதிகாரியைக் காரில் அழைத்து வந்திருந்தார்.

சுவிட்ச் போட்டார்கள். கை நகர்ந்தது. தகட்டைத் தூளியிலிருந்து குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கியது. ஸ்டாப்வாட்ச் அன்றைக்குப் பார்த்த அதே வேகம். கன்னியப்பன் தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"ரொம்ப நிதானமா வேலை செய்யுதே" என்றார் அதிகாரி.

"அவசரமே படாது சார்" என்றார் முதலாளி.

கை தகட்டைக் கிடத்தியது. வெளியே வந்தது. கதவு மூடியது. பிரஸ் இறங்கியது. உள்ளே இருந்து ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கிண்ணம் வந்தன. இரண்டும் விளிம்பில் கிழிந்திருந்தன. மெல்லிய தகடு, நடுவில் எண்ணெய்; இரண்டு ஒட்டிக்கொண்டே வந்திருந்தன. காந்தத்துக்கு ஒன்றும் இரண்டும் ஒன்றுதான். எல்லாத் தாளிலும் தேடினாலும் இது வரையப்பட்டிருக்காது. கோவிந்தய்யாவின் சாக்கட்டியிலும் இல்லை. எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே அடியில ரெண்டா?"

"ஆமா சார்" என்றார் முதலாளி.

அதிகாரி கை தட்டினார். நாங்களும் தட்டினோம். பொரி, கடலை கொடுத்தார்கள்.

6. டிரையல்

விஜயதசமி முடிந்து வேலைக்கு வந்ததும் முதலாளி மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தார். மறுபடி இரண்டு. மறுபடி தாலாட்டு.

"ஆமையாட்டம் கீது. கழட்டுங்கடா. கையக் கழட்டு, அந்தக் கதவையும் கழட்டு. யோவ் கன்னியப்பா, பழையபடி ஒக்காரு."

"ஸ்டோருல போடறேன்னீங்களே மொதலாளி?"

"கையே வரல. ஒன்ன எப்படி ஸ்டோருக்கு அனுப்பறது?"

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். கன்னியப்பன் கதவின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு நின்றார். நகரவில்லை. முதலாளியையும் பார்க்கவில்லை.

"சார், நீங்க சொல்லுங்க."

மாதவன் சார் அதுவரை முதலாளியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் எதிர்த்துப் பேசவில்லை.

"சார், டிசைன் இன்னும் முடியலை. இப்ப இருக்கறது டிரையல்தான். ரெண்டு தகடு ஒட்டிக்கறதுக்கு இன்னும் பிளானிங் பண்ணணும். கதவைக் கழட்டிட்டா டிரையலே நடக்காது."

"எத்தினி நாளு ஆவும்?"

"அவசரப்படாம செய்யணும் சார். போன தடவை அவசரத்துலதான் டை போச்சு."

டை என்றதும் முதலாளியின் குரல் இறங்கியது. கோவிந்தய்யாவைத் திரும்பிப் பார்த்தார். பேப்பர்காரரான மாதவன் சாரைக் கிண்டல் செய்ய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஷெட்டே அவர் வாயைப் பார்த்தது. கோவிந்தய்யா தலையைச் சொறிந்தார்.

"பூஜை வாங்கின மெஷினு மொதலாளி. அடுத்த பூஜை மட்டும் ஸ்பேனர் வெக்கறது நல்லதில்ல. அப்புறம் ஒங்க இஷ்டம்."

முதலாளி மெஷின் விஷயத்தில் யாருக்கும் பயப்பட மாட்டார், சாமியைத் தவிர. இரும்புக் கையின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அறைக்குப் போய்விட்டார்.

நான் கையைப் பிணைத்திருந்த ஒரே ஒரு பின்னை உருவினேன். கையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். கதவின் தண்டைப் பெடலோடு மாட்டினேன். கன்னியப்பன் உட்கார்ந்தார்.

உற்பத்தி ஏறியது. ஒவ்வொரு தகட்டுக்கும் தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்க வேண்டாம் என்றால் ஆள் வேகமாகத்தான் செய்வான். முதலாளி வருகிறவர்களிடமெல்லாம், "ரோபோட்டு வந்தப்புறம் பாருங்க" என்று காட்டுவார். ஆள் வந்தால் கையை முன்பக்கம் திருப்புவோம். போனதும் சுவர் பக்கம்.

வருஷா வருஷம் பூஜைக்கு முன் மாதவன் சார் ஒரு புதுத் தாள் போடுவார். முதலாளி வந்து கேட்பார்.

"எந்த மட்டும் வந்துது?"

"முழங்கை, சார்."

மற்ற நாலு பிரஸ்ஸில் கதவு இல்லை. அவற்றுக்கு ரோபோட் இல்லையே. அங்கேயும் கைகள் உள்ளே போய் வந்துகொண்டுதான் இருந்தன. கோவிந்தய்யாதான் வழி கண்டுபிடித்தார். "மத்ததுக்கும் ரோபோட்டு பண்ணலாம் மொதலாளி. ஒண்ணு வெச்சதுக்கே எவ்ளோ பேரு." முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தத் தடவை இரண்டு மதத்துக்கும் சண்டை இல்லை. சார் வரைந்தார், கோவிந்தய்யா வெட்டினார், நான் மாட்டினேன். முதலில் கதவு. பிறகு நேரம் இருந்தால் கை.

அடுத்த பிரஸ்ஸுக்கு முழங்கை வரை செய்தோம். அதற்கு அடுத்ததற்கு அதில் பாதி. கடைசி பிரஸ்ஸுக்குப் போகும்போது குழாய் தீர்ந்துவிட்டது. தோள்பட்டை மட்டும் வைத்தோம். பெயின்ட் அடித்துக் குங்குமம் வைத்தாயிற்று. அதுவும் பூஜை வாங்கியது. கதவு மட்டும் எல்லாவற்றிலும் முழுசாக இருந்தது.

மெஷின் செய்ய வருகிறவர்கள் எவ்வளவு பிளான் போட வேண்டும் என்று கேட்பது வழக்கம். நிறைய போட்டதையும் பார்த்தேன், போடாததையும் பார்த்தேன். இரண்டும் கெட்டது. உள்ளே யாருடைய கை போகிறது என்பதை முதல் தாளில் வரையுங்கள். கட்டின் அடியில் வைக்காதீர்கள். மிச்சத்தை வெட்டிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம்.

கன்னியப்பன் ஸ்டோருக்குப் போகவே இல்லை. அதே மூன்றாம் நம்பரில் இருந்து, எழுபதுகள் முடியும் சமயம் ரிட்டையர் ஆனார். கடைசி நாள் மாலை போட்டார்கள். முதலாளி கை குலுக்கினார். கன்னியப்பன் வலது கையைக் கொடுத்தார். ஐந்து விரலும் இருந்தன. முதலாளி அதைக் கவனிக்கவில்லை. அவர் பார்த்தது சுவர் பக்கம் திரும்பியிருந்த இரும்புக் கையை.

"எல்லாம் ஆச்சி. இந்த ரோபோட்டு மட்டும் முடியவே இல்லியே கன்னியப்பா."

"தோள்பட்டை முடிஞ்சிது மொதலாளி" என்றார் கன்னியப்பன்.